கருங்கல் படியில் கிடந்த பூசணிக்காய்

வள்ளியாத்தாளின் வாய்க்குப் பயந்து தெருக்குழாயில் அவளுக்கு முதல் குடம் விட்டுக் கொடுப்பார்கள். அதை மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பொங்கலூருக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் பிறந்து, மழை ஏமாற்றிய ஒரு வருஷத்தில் ராசப்பனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவள். ராசப்பன் பஞ்சு அரவை மில்லில் பதினாலு வருஷம் தூசி தின்றான். பிறகு நெஞ்சு இழுப்பு வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். இருபது அடி நடந்தால் பத்து நிமிஷம் மூச்சு வாங்கும். அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் வள்ளியாத்தாளின் இரண்டு காலையும் இரண்டு கையையும் பொறுத்தது.

1960-ல் சிவசுப்பிரமணியத்தின் பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். தைத்து வந்த பனியனில் பிசிறு வெட்டி, மடித்து, டஜன் டஜனாகக் கட்டுகிற வேலை. கை வேகம், வாய் அதைவிட வேகம். சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனாலும் முதலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்று "ஏனுங்க, எங்க ஊட்டு அடுப்புக்கு நாளைக்கு வான்னு சொல்ல முடியுங்களா" என்று கேட்பாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் நின்று தலையைக் குனிந்துகொள்வார்கள். கேட்டது கிடைத்தபிறகு முன்னால் வந்து வாங்கிக்கொள்வார்கள்.

கம்பெனிக்குள் இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஒன்பது பேர்தான் செய்தார்கள். பத்தாவது பெயர் ஏறினால் தொழிற்சாலைச் சட்டம் உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும் என்று முதலாளிக்கு யாரோ ஓதியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தால் வாட்ச்மேன் கன்னையன் மணியை இரண்டு தட்டுத் தட்டுவான். பெயர் ஏறாத பதிமூன்று பேரும் பின்வாசல் வழியாக ஓடிப்போய் விறகு டிப்போவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறவள் வள்ளியாத்தாள்தான். சிரிக்கிற பெண்களைக் கிள்ளி வாயை மூட வைப்பவளும் அவள்தான். தன்னைத் தானே அழித்துக்கொள்ள ஓடுகிறோம் என்று ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. வேலைக்கு நடுவே கிடைத்த கால் மணி ஓய்வு என்றே அதை எடுத்துக்கொண்டாள்.

இனி அந்தப் படியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பெனி வாசலில் ஒரே கருங்கல்லில் செய்த படி ஒன்று கிடந்தது. ஊத்துக்குளிப் பக்கத்துக் குவாரியிலிருந்து சிவசுப்பிரமணியத்தின் தகப்பனார் மாட்டு வண்டியில் கொண்டுவந்து போட்டது. தெருவுக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. இது நகரசபை இடம், எடுங்கள் என்று ஒருமுறை ஆட்கள் வந்தபோது முதலாளி அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, எடுப்பதானால் என்னையும் சேர்த்து எடுங்கள் என்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அந்த வீரத்தை அவர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் அந்தப் படியில் ஏற வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். அங்கே வேலை செய்கிற எந்த மனுஷிக்கும் அவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை.

அமாவாசைக்கு அமாவாசை, கம்பெனி சாத்துகிற நேரத்தில் கன்னையன் ஒரு பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றி, வாசலைச் சுற்றி அந்தப் படியில் போட்டு உடைப்பான். ஊர்க் கண்ணெல்லாம் அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. உடைத்தபின் அதை யாரும் தொடமாட்டார்கள். தொட்டவர்களைத் திருஷ்டி பிடித்துக்கொள்ளும். மாடு தின்றால் உண்டு, இல்லாவிட்டால் காய்ந்து தானாகப் போக வேண்டும். எல்லாரும் தாண்டித் தாண்டிப் போவார்கள். தாண்டுவதற்குக் கற்றுக்கொண்ட ஊர், எடுத்து ஓரமாகப் போடுவதற்குக் கற்றுக்கொள்ளவில்லை.

1967 புரட்டாசி அமாவாசை அன்று சாயங்காலமும் உடைத்தார்கள். முதலாளி வாசலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் "தாண்டிப் போங்க, மிதிச்சுப் போடாதீங்க" என்றார். காய் பெரியது, துண்டுகள் படி முழுக்கக் கிடந்தன. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏப்பா கன்னையா, மழை வரும்போல இருக்குது. ஒரு வெளக்குமாத்துல அக்கட்ட தள்ளி உடேன்" என்றாள் வள்ளியாத்தாள்.

"வெளக்குமாத்துல தள்ளுனாலும் தொட்ட மாதிரித்தானுங்கக்கா. எனக்குப் புள்ளகுட்டி இருக்குது" என்றான் கன்னையன்.

"அதுதான் தாண்டிப் போகச் சொல்றேன்ல. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பேச்சு" என்றார் முதலாளி.

அவளும் குனிந்து எடுக்கவில்லை. அவ்வளவு பேசுகிறவளுக்கும் திருஷ்டி என்றால் பயம்தான். முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே தாண்டிப் போனாள்.

இரவெல்லாம் மழை. காலை எட்டே காலுக்குச் செருப்பைத் தெருவில் விட்டுவிட்டு அவள் படியில் கால் வைத்தாள். ஊறிப் போன சதை மஞ்சள் பூசிய கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்தது. பின்னால் வந்த, கூட மடிப்பு வேலை செய்கிற மயிலாள் "அக்கா" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் வள்ளியாத்தாள் மல்லாந்து விழுந்தாள். கல்லின் விளிம்பு இடுப்புக்குக் கீழே இறங்கியது. தொடை எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்று பிறகு சொல்லுவாள்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கீழே கிடந்தவளைப் பார்த்தார், நசுங்கிய பூசணியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை அவள் வலியிலும் பார்த்தாள். கன்னையன் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான், ஆனால் அவள் காதில் விழும்படி சொன்னார்.

"போகட்டும் உடு. கம்பெனிக்கு வந்தது அவ காலோட போச்சு."

இந்த வாக்கியத்தைத்தான் வள்ளியாத்தாள் சாகும்வரை மறக்கவில்லை. எலும்பு ஆறு மாதத்தில் கூடியது. இரண்டு விரல்கடை குட்டையாகக் கூடியது. அந்த வார்த்தை போட்ட முறிவு மட்டும் கூடவே இல்லை.

கட்டிலில் கிடந்த மாதங்களில் ராசப்பன் இழுப்போடு எழுந்து கஞ்சி காய்ச்சினான். இரண்டு பேரில் யார் யாருக்குச் செய்வது என்று தெரியாத வீடாகிவிட்டது அது. கம்பெனியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. திருஷ்டி இறங்கிய வீட்டுக்கு யார் வருவார்கள். வந்த ஒரே ஆள் தொழிற்சங்கத்து ஆத்தப்பன், கைப்பையும் கசங்கிய வேட்டியுமாகத் தெருத்தெருவாக அலைகிறவன்.

"கோயமுத்தூருல நஷ்டஈட்டுக் கமிஷனர் இருக்காருங்க அம்மிணி. வேலைக்கு வந்த எடத்துல அடிபட்டா மொதலாளிதான் பொறுப்புங்கறது சட்டம். நீங்க கம்பெனி ஆளுன்னு மட்டும் நிரூபிச்சாப் போதும்."

"நிரூபிக்கறதா? ஏழு வருஷமா அங்கதானே சாகறேன்."

"பதிவேட்டுல உங்க பேரு இல்லீங்களே."

அன்றுதான் விறகு டிப்போவுக்கு ஓடிய ஓட்டமெல்லாம் அவளுக்கு வேறு மாதிரியாகத் தெரிந்தது. கம்பெனி ஆள் என்றால் மிச்ச நாளுக்குக் கஞ்சி உண்டு. தெருவோடு போனவள் என்றால் அரைக் காலும் அரை மூச்சுமாக இரண்டு பேர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். அவ்வளவுதான் வழக்கு.

மனுவுக்கு முதலாளி பக்கத்திலிருந்து இங்கிலீஷில் பதில் வந்தது. ஆத்தப்பன் படித்துச் சொன்னான். ஒன்று, இந்தப் பெண் எங்கள் கம்பெனியில் வேலை செய்தவளே அல்ல, அன்று ஏதோ உதவி கேட்டு வந்தவள். இரண்டு, விழுந்த படி நகரசபைத் தெருவைச் சேர்ந்தது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று, பூசணிக்காய் அன்று காலையில்தான் உடைக்கப்பட்டது, எடுத்துப் போட நேரம் கிடைப்பதற்கு முன் இவள் பராக்குப் பார்த்து வந்து மிதித்தாள். ஆளும் நம்முடையவள் இல்லை, படியும் நம்முடையது இல்லை, பூசணிக்காய் மட்டும் நம்முடையது, அதுவும் ஐந்து நிமிஷத்துக்கு முந்தியது. கோர்த்துக் கோர்த்துப் பொய் சொல்ல வக்கீலுக்குக் காசு கொடுத்தால் கொஞ்சம் நன்றாகவாவது கோர்க்க வேண்டாமா?

மயிலாள் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டாள். விசாரணைக்கு முந்தின வாரம் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கும் பதிவேட்டுல பேரு இல்லக்கா. உனக்காகப் பேசுனா நாளைக்கு நானும் அங்க வேலை செய்யாதவதான்."

"அழுதுட்டுப் போ. அதையும் வெளிய போய் அழு" என்றாள் வள்ளியாத்தாள்.

கோயமுத்தூருக்கு பஸ்ஸில் போகும்போது ஆத்தப்பன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "மொத நாளே பாத்தீங்களான்னு கேட்டா பாக்கலைன்னு சொல்லிப் போடுங்க. பாத்தேன்னு சொன்னா, தெரிஞ்சே மிதிச்சீங்கன்னு புடிச்சுக்குவாங்க."

கமிஷனர் மூக்குக் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். முதலாளி புது வேட்டி கட்டி வந்திருந்தார். கன்னையன் முதலில் கூண்டில் ஏறி, சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தான். இந்த அம்மாளைத் தெருவில் பார்த்திருக்கிறானாம், கம்பெனிக்குள் பார்த்ததில்லையாம். சொல்லும்போது அவன் கண் அவள் முகத்துக்கு வரவே இல்லை. அடுத்து அவள் கம்பை ஊன்றி எழுந்தாள். முதலாளியின் வக்கீல் கேட்டார்.

"காலையில ஒடச்ச ஒடனே ஓடி வந்து மிதிச்சீங்க. சரிதானே?"

"இல்லீங்க. மொத நாள் பொழுதோட ஒடச்சதுங்க."

"அது எப்படிச் சொல்றீங்க?"

"அப்பத்தான் ஒடச்ச பூசணி காலுக்கடியில நறுக்குனு ஒடையுமுங்க. ராத்திரி பூரா மழையில கெடந்து ஊறுனாத்தான் கொழகொழன்னு போயி வழுக்கும். சோறாக்கற பொம்பள யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

கமிஷனர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். வக்கீல் சளைக்கவில்லை.

"அப்போ, மொத நாளே அது அங்க கெடந்ததை நீங்க பாத்தீங்க."

ஆத்தப்பன் பெஞ்சின் நுனிக்கு வந்தான். பார்க்கவில்லை என்று சொன்னால் பூசணிக்காய் எப்போது உடைத்தது என்று சொல்ல அவளுக்கு என்ன தெரியும் என்பார்கள். பார்த்தேன் என்றால் கண்ணைத் திறந்துகொண்டு விழுந்தவள் என்பார்கள். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் வழுக்குகிற கேள்வி. அவள் முதலாளியைப் பார்த்தாள். அந்த முகத்தில் படியருகே பார்த்த அதே நிம்மதி. அந்த முகத்துக்கு முன்னால் பொய் சொல்ல அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"பாத்தனுங்க. அக்கட்ட தள்ளச் சொன்னனுங்க. ஆரும் தள்ளுலீங்க. திருஷ்டின்னு பயந்துட்டு நானுந் தள்ளுலீங்க."

ஆத்தப்பன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவர் அதோடு விட்டிருக்கலாம். கடைசியாக முதலாளியைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு வருஷமாக அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் விழுங்கியதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"பாத்தீங்களா சார், அவ வாயாலயே சொல்லிட்டா. எல்லாந் தெரிஞ்சு மிதிச்சவ. சாயங்காலம் நானே சேர் போட்டு உக்காந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் தாண்டிப் போங்கன்னு சொன்னேன். அத்தனை பேரும் வாயை மூடிட்டுப் போனாங்க. இவ மட்டும் நின்னு எனக்குப் புத்தி சொல்றா. ஏழு வருஷமா இந்த வாயைச் சகிச்சுட்டு வேலை குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்."

கமிஷனரின் பேனா நின்றது. "எத்தனை வருஷம்?"

வக்கீல் இருமினார். முதலாளி அந்த இருமலைக் கவனிக்கவில்லை. "ஏழு" என்றார்.

"படி நகரசபைத் தெருவோடதுன்னு பதில் குடுத்திருக்கீங்க."

"ஆரு சொன்னதுங்க? எங்கப்பா போட்ட கல்லுங்க அது. முனிசிபாலிட்டி ஆளுக வந்து எடுக்கப் பாத்தாங்க. நான் மேல ஏறி உக்காந்துட்டேன். ஒரு பய தொட முடியல."

எழுத்தில் போன அந்தப் பதிலில் கையெழுத்துப் போட்டவர் அவரேதான். இங்கிலீஷில் இருந்ததால் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. தகப்பனார் போட்ட கல்லைத் தன் கையெழுத்தே தெருவுக்குத் தானம் பண்ணியிருப்பது அந்த நிமிஷம்தான் காதில் விழுந்தது. வக்கீல் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எழுந்து, இந்தம்மா தெரிந்தே அஜாக்கிரதையாக வந்திருக்கிறார் என்று ஈனஸ்வரத்தில் தொடங்கினார்.

"கவனமா நடந்தாங்களா இல்லையான்னு இந்தச் சட்டம் கேக்கறதில்லை, வக்கீல் சார்" என்றார் கமிஷனர். "குடிச்சிட்டு வந்தா, வேணும்னே விதியை மீறினா, அது வேற. கால் வழுக்கினது அதுல சேராது. எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டுதான். இவங்க உங்க ஆளா, விழுந்த எடம் உங்களுதா. ரெண்டையும் உங்க கட்சிக்காரரே சொல்லிட்டார்."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது வள்ளியாத்தாள் வேலை என்று அதுவரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

உத்தரவு வந்தது. தொகையும் மெதுவாக, இழுத்து இழுத்து வந்தது. ராசப்பனின் மருந்துக்கும் ஒரு பெட்டிக்கடைக்கும் அது போதுமாக இருந்தது. தெருவில் எந்தக் கம்பெனியும் அவளை அண்டவிடவில்லை. கோர்ட்டுக்குப் போனவள் என்று ஒரு பெயர், திருஷ்டி இறங்கியவள் என்று இன்னொரு பெயர். உத்தரவின் நகலைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஏழு வருஷம் என்று எழுதியிருக்கிற இடத்தை மட்டும் ஆத்தப்பனைக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள்.

சிவசுப்பிரமணியமும் சட்டம் படித்துக்கொண்டார், அவருக்கு வேண்டிய அளவுக்கு. பொறுப்பு என்பது அவரவர் படியில் விழுந்தால்தான் என்று புரிந்துகொண்டார். அடுத்த அமாவாசையிலிருந்து கன்னையன் பூசணிக்காயைச் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கம் தெருக்குழாயடிச் சிமெண்டுத் தளத்தில் போட்டு உடைத்தான். அது சந்தேகமில்லாமல் நகரசபை இடம். விடிந்ததும் நிறைகுடத்தோடு நாற்பது பெண்கள் நடக்கிற இடம். முதல் மாதம் ஒரு கர்ப்பிணிப் பெண் குடத்தோடு சறுக்கி, மயிர் இழையில் தப்பினாள். அவளைப் பிடித்தவள் வள்ளியாத்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு எதிர் வாசலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். குழாயடியில் மெதுவாகக் குனிந்து, கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வெறுங்கையால் எடுத்துக் கூடையில் போட்டாள். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் பத்தடி பின்னால் போனார்கள்.

"தொடாதக்கா, வேண்டாங்க்கா" என்றாள் வேலைக்கு வந்துகொண்டிருந்த மயிலாள்.

"எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்தாச்சு" என்றாள்.

கூடையோடு தெருவைக் கடந்து, செருப்பை முறைப்படி வெளியே கழற்றிவிட்டு, கருங்கல் படி நிறையத் துண்டுகளைப் பரப்பி வைத்தாள். குழம்பிப் போன சதையையும் வழித்து நடுவில் வைத்தாள். முதலாளி வாசலுக்கு வந்தார்.

"உங்க பொருளு ரோட்டுல கெடந்துச்சுங்க. கொண்டாந்து வெச்சிருக்கறனுங்க" என்றாள், மிகுந்த மரியாதையோடு.

"எடுடா" என்றார் அவர் கன்னையனிடம். கன்னையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கோர்ட்டில் அவ்வளவு தெளிவாகப் பேசியவனுக்கு இப்போது காது கேட்கவில்லை. இருபத்தொரு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்றார்கள். படி முழுக்க மூடிக் கிடந்தது, தாண்ட வழியில்லை. ஒருவரும் பின்வாசலுக்குப் போகவில்லை. உள்ளே மிஷின்கள் சும்மா நின்றன. எட்டரை ஆயிற்று. சரக்கு ஏற்ற வந்த வண்டிக்காரனும் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தான்.

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் கம்பில் இரண்டு கையையும் ஊன்றி, போகிற அவசரம் எதுவும் இல்லாதவளாக நின்றாள். கடைசியில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். தகப்பனார் போட்ட கல்லிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்தார். சதையைக் கையால் வழித்தார். முடித்துவிட்டு எழுந்திருக்கப் போனார்.

"அந்த ஓரத்துல ஒண்ணு உட்டுட்டீங்களுங்க" என்றாள் வள்ளியாத்தாள். அவர் மறுபடியும் குனிந்தார்.